நெருப்பில்லாமலும் புகையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, பேசியபடியே எழுத்தில்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘பிறரைக் குறை கூறாதிருத்தல்’. அழைப்பிதழ்ல நல்ல தமிழ்ல போட்டிருக்காங்க. நம்ம பக்கம் இதுக்கு ஒரே வார்த்தைதான். பொரணி. பாருங்க, சொன்ன உடனே முன்வரிசையில சிரிப்பு வருது. யாரு யாரை முழங்கையால இடிக்கிறாங்கன்னும் மேடையில இருந்து தெரியுது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பொரணின்னா பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒரு பேச்சு இருக்கு. டீக்கடை பெஞ்சுல காலையில ஆறு மணிக்கு உட்கார்ந்து பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஊர்ல உள்ள அத்தனை பேர் வீட்டையும் அலசுறாங்களே, அதுக்கு ‘அரசியல் பேசுறாங்க’ன்னு பேரு. நாம கம்பெனி வண்டியில பேசினா பொரணி. இந்தக் கணக்கை நான் ஒத்துக்கிறதில்லை.

பேசாதீங்கன்னு சொல்லவும் நான் வரலை. நம்ம வேலை அப்படி. தீப்பெட்டி ஒட்டுறதோ, சட்டத்துல குச்சி அடுக்குறதோ, திரி வைக்கிறதோ, சரம் பின்னுறதோ, கை ஓடிக்கிட்டே இருக்கும், வாய் சும்மா இருக்கும். அந்தப் பேச்சுலதான் யாரு வீட்ல அடுப்பு எரியலைன்னு தெரிஞ்சுக்கிறோம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எந்தக் கடன்காரன்கிட்ட மாட்டக்கூடாதுங்கிறதையும் அங்கதான் தெரிஞ்சுக்கிறோம். நம்ம குழுக்களே அப்படிப் பேசிப் பேசித்தானே உண்டாச்சு! 1989-ல தருமபுரியில முதல்ல குழுக்கள் ஆரம்பிச்சப்போ அந்தப் பெண்கள்கிட்ட பணம் எங்க இருந்தது? ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அதுதான் முதல். ஈடு இல்லாம, பத்திரம் இல்லாம வங்கி நமக்குக் கடன் குடுக்குதுன்னா, பன்னிரண்டு பேரோ இருபது பேரோ ஒருத்தர் சொல்லை ஒருத்தர் நம்புறாங்கங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் குடுக்குது. வேற என்ன இருக்கு நம்மகிட்ட அடமானம் வைக்க?

அதனால பொரணி நமக்கு வெறும் கெட்ட பழக்கம் இல்ல. அது குழுவோட முதலையே தின்னுரும். எப்படின்னு ஒரு குழுவோட கதையைச் சொல்றேன். ஊர் பேரும் வேண்டாம், குழு பேரும் வேண்டாம். கொஞ்ச பேருக்கு இங்க தெரியும், தெரிஞ்சவங்க வாய் திறக்காம இருங்க.

14 பேர் உள்ள குழு. ஏழு வருஷமா நல்லா நடந்தது. வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம். வங்கிக் கடன் வாங்கி மாசம் 14,500 ரூபாய் தவணை கட்டிக்கிட்டு இருந்தாங்க. பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுறது ஊக்குநர் அக்கா. ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியில இருந்து கடிதம் வருது. நாலு மாசத் தவணை பாக்கி, 58,000 ரூபாய்ன்னு. கடிதம் வந்தது பிரதிநிதி வீட்டுக்கு. ஊக்குநர் அக்கா வேலைக்குப் போயிருந்தாங்க, அவங்க கம்பெனி வண்டி திரும்பி வர ராத்திரி ஏழு ஆகும். அந்த ஏழு மணி வரைக்கும் யாராலயும் பொறுக்க முடியலை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலு பேருக்குத் தெரிஞ்சது. புதன்கிழமை தெருவுக்கே தெரிஞ்சது. வியாழக்கிழமை அதுக்குக் கண்ணு மூக்கெல்லாம் வச்சாச்சு. ‘தீபாவளிக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் வாங்கினாளே, அது எங்க இருந்து வந்ததுன்னு நினைக்கிற?’ வெள்ளிக்கிழமை, ‘மகளுக்கு ரெண்டு பவுன்ல செயின் எடுத்திருக்காளாம்.’ ஃபிரிட்ஜ் மாசத் தவணையில வாங்கினது. செயின் அவங்க அம்மா போட்டிருந்தது, அழிச்சுப் பண்ணினது. ஆனா அதைக் கேட்கணுமே! அந்த அக்காவைப் பார்க்கும்போது எல்லாரும் வழக்கம்போல, ‘என்ன மதினி, சாப்பிட்டாச்சா?’ன்னு கேட்டுட்டுத்தான் போனாங்க. அஞ்சு நாள் ஒருத்தர்கூட, ‘மதினி, இப்படி ஒரு கடிதம் வந்திருக்கு, சலான் இருக்கா?’ன்னு கேட்கலை.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அந்த அக்கா தண்ணி குடிச்சுட்டு உட்கார்ந்த உடனே ரெண்டு பேர் எழுந்து கத்தினாங்க. அந்த அக்கா பதில் பேசலை. நோட்டையும் சாவியையும் பாயில வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. ‘பாத்தியா, பதில் சொல்ல முடியலை’ன்னு ஊரு முடிவு கட்டிருச்சு. மகளைப் பெண் பார்க்க வர்றதா இருந்தவங்க வரலை.

அஞ்சு வாரம் கழிச்சு, அதே குழுவுல கணக்கு எழுதுற ஒரு தங்கச்சி, அக்கா வச்சுட்டுப் போன நோட்டைப் புரட்டியிருக்கா. அட்டைக்குள்ள நாலு சலானும் இருந்தது, வங்கி முத்திரையோட. எடுத்துக்கிட்டு நேரா வங்கிக்குப் போனா. கிட்டத்தட்ட இதே பேர்ல பக்கத்து ஊர்ல இன்னொரு குழு இருக்கு. நாலு மாசமும் பணம் அந்தக் கணக்குல ஏறியிருக்கு. ஒரு ரூபாய் குறையலை. அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துட்டாங்க.

கணக்கு நேராயிருச்சு. அந்த அக்கா மட்டும் திரும்பி வரலை. நாலு பேர் வீட்டுக்குப் போய் கூப்பிட்டாங்க, காபி குடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பணத்தைக் கையில வாங்கி வங்கிக்குப் போக அந்தக் குழுவுல யாருமே முன்வரலை. ‘நாளைக்கு எனக்கும் இதே கதிதானே’ன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சாங்க. எட்டு மாசத்துல குழு கலைஞ்சது. இப்போ அதுல உள்ள பாதிப்பேர் வாரவட்டிக் கடன்ல இருக்காங்க. வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்கிறான்.

இதைப் பேசினவங்க யாரும் கெட்டவங்க இல்லை. ஒருத்தர்கிட்ட நான் கேட்டேன், ‘ஏத்தா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?’ அவங்க சொன்ன பதில் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தான். ‘நெருப்பில்லாம புகையுமா அக்கா?’

சிவகாசிப் பக்கம் பிறந்துட்டு இந்தப் பழமொழியைச் சொல்லலாமா? நெருப்பில்லாம புகையுறது என்னன்னு நம்மளவிட யாருக்குத் தெரியும்? அலுமினியப் பவுடரும் உப்பும் கலந்த மருந்துல ஈரம் பட்டா தானாவே சூடேறும். யாரும் தீ வைக்க வேண்டாம். அதனாலதான் அன்னன்னைக்குக் கலந்த மருந்தை அன்னன்னைக்கே தீர்க்கணும், மீந்ததை ராத்திரி அறையில வைக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. வச்ச மருந்துதான் மறுநாள் காலையில ஆளைக் கொல்லுது. கேள்விப்பட்ட பேச்சும் அப்படித்தான். கேட்கவேண்டிய ஆளை அன்னைக்கே கேட்டுத் தீர்த்திருந்தா அது ஒரு சலான் சமாச்சாரம். அஞ்சு நாள் வச்சிருந்தாங்க, குழுவே போச்சு.

வள்ளுவர் புறங்கூறாமைக்குன்னு ஒரு அதிகாரம் முழுசா எழுதியிருக்கார். 19-வது அதிகாரம், பத்துக் குறள். நம்ம பிள்ளைங்க பாடத்துல படிக்கும். நான் கவனிச்சது அது இருக்கிற இடத்தை. அதுக்கு முன்னாடி 17-வது அழுக்காறாமை, அதாவது பொறாமைப்படாம இருக்கிறது. 18-வது வெஃகாமை, அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்படாம இருக்கிறது. அப்புறம்தான் புறங்கூறாமை. அடுத்த 20-வது, பயனில்லாத பேச்சுப் பேசாம இருக்கிறது. அந்த ஃபிரிட்ஜ் கதையை இந்த வரிசையில வச்சுப் பாருங்க. முதல்ல ‘அவளுக்கு வந்துருச்சே’ன்னு ஒரு குறுகுறுப்பு. அப்புறம் ‘நமக்கு இல்லையே.’ அப்புறம்தான் வாய் திறக்குது. இன்னொண்ணு, இந்த நாலையும் அவர் இல்லறவியல்ல வச்சிருக்கார், துறவிகளுக்குச் சொன்ன பகுதியில வைக்கலை. குடும்பம் நடத்துறவங்களுக்கு, தெருவுல நாலு பேரோட வாழ்றவங்களுக்குச் சொன்னது. நமக்குச் சொன்னதுதான்.

இப்போ சொல்லப்போறது சொல்லக் கஷ்டமானது. ஆனா இந்த வட்டாரத்துல நின்னுக்கிட்டு இதைச் சொல்லாம இறங்கக்கூடாது.

விபத்து நடந்தா நாம என்ன பேசுறோம்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் போனாங்க, காப்பாத்த ஓடினவங்களும் அதுல இருந்தாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20 பேருக்கு மேல. இது ரெண்டும் ஊரெல்லாம் தெரிஞ்சது. பேப்பர்ல ரெண்டு வரியோட போற விபத்து எத்தனைன்னு நமக்குத் தெரியும். மறுநாள் பேப்பர்ல எப்பவும் ஒரே வார்த்தை, ‘உராய்வு’. மறுநாள் வண்டியில நம்ம பேச்சும் எப்பவும் ஒண்ணுதான். ‘அவ வேகமா வேலை பாக்குறேன்னு டமார்னு போட்டிருப்பா.’ ‘அவளுக்குக் காசு ஆசை, ரெண்டு ஆள் வேலையை ஒருத்தியே பார்ப்பா.’ ‘கையில செல்போன் வச்சிருந்தாளாம்.’

யாரு பார்த்தா? பார்த்தவங்க உயிரோட இல்லை. ஒரு அறையில நாலு பேர் இருக்கவேண்டிய இடத்துல எத்தனை பேர் இருந்தாங்க, மரத்தடியில ஏன் வேலை நடந்தது, லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்க உள்குத்தகைக்கு ஓட்டினது யாருங்கிறதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள். அதைக் கேட்க பயமா இருக்கு, நாளைக்கும் அதே வண்டியில ஏறணும். செத்தவளைச் சொன்னா யாரும் திருப்பிக் கேட்கமாட்டாங்க. அதான் அவ மேல போட்டுடறோம். அவ வீட்டுப் பிள்ளைங்க, ‘எங்கம்மா கவனக்குறைவாலதான் இத்தனை பேர் போனாங்க’ன்னு கேட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போகுதுங்க. இதுக்கு மேல ஒரு கொடுமை இருக்கா?

அப்புறம் நிவாரணப் பணம் வருது. வந்த உடனே அடுத்த பேச்சு. புருஷனை இழந்தவ புதுச் சேலை கட்டினா, ‘செக்கு வந்துருச்சுல்ல.’ கட்டாம அழுக்குச் சேலையில வந்தா, ‘எவ்வளவு வந்துச்சுன்னு மறைக்கிறா.’ மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவுல அந்தப் பணத்துக்கு இழுபறி நடக்கும்போது, அவளுக்குத் துணையா நிக்கவேண்டியது நம்ம குழு. நாம தெருவுல நின்னு ரெண்டு பக்கமும் கோள் மூட்டிக்கிட்டு இருந்தா அவ யாருகிட்ட போவா?

சரி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

காமராஜர் விருதுநகர்க்காரர்னு பெருமையா சொல்லிக்கிறோம். 1933-ல இதே விருதுநகர்ல வெடிகுண்டு வழக்குன்னு ஒண்ணு போட்டாங்க, அதுல அவரைச் சேர்த்தாங்க. வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடி, குற்றச்சாட்டுல ஒண்ணும் இல்லைன்னு நிரூபிச்சாங்க. செய்யாத குத்தத்தைச் சுமக்குறது எப்படி இருக்கும்னு அவருக்கு முப்பது வயசுலயே தெரியும். 1954-ல முதலமைச்சர் பதவிக்குக் கட்சிக்குள்ள போட்டி. அவரை எதிர்த்து நின்னவர் சி.சுப்பிரமணியம். அவருக்குத் துணையா நின்னவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயிச்சார். ஜெயிச்சவர் மந்திரிசபை அமைக்கும்போது அந்த ரெண்டு பேரையும் மந்திரி ஆக்கினார். நம்ம குழுவுல ஊக்குநர் தேர்தல்ல எதிர்த்துக் கை தூக்கினவளை அடுத்த வருஷம் பிரதிநிதி ஆக்குவோமா? மூணு வருஷத்துக்கு அவ வீட்டு விசேஷத்துக்கே போகமாட்டோம்.

அவர் சொத்து சேர்த்துட்டார்னு மேடைக்கு மேடை பேசினவங்க உண்டு. 1967-ல சொந்த ஊர்லயே 1,285 ஓட்டுல தோத்தார். 1975 அக்டோபர் 2-ந் தேதி அவர் கண்ணை மூடினது சென்னையில ஒரு வாடகை வீட்டுல. பேசினவங்க அதுக்கப்புறம்தான் வாயை மூடினாங்க. அந்த ஊக்குநர் அக்காவாவது உயிரோட இருக்கும்போதே சலான் கிடைச்சது.

இப்போ போன் வந்துருச்சு. அந்தக் காலத்துல ஒரு பேச்சு தெருக்கோடி போக ஒரு நாள் ஆகும். 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு பேச்சு தமிழ்நாடு முழுக்கச் சுத்துச்சு, நம்ம குரூப்புலயும் வந்தது, நினைவிருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியிருக்கு. அந்தக் குடும்பத்துல வயசான அம்மா ஒருத்தங்க பிள்ளைங்களுக்குச் சாக்லேட் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான். கூட்டம் கூடி அடிச்சதுல அந்த அம்மா செத்தே போனாங்க. கூட வந்தவங்களும் பலமா அடிபட்டாங்க. அடிச்சவங்க ஒருத்தருக்கும் அந்த அம்மாவோட முன்விரோதம் இல்லை. ‘எதுக்கும் இருக்கட்டும்’னு ஒரு வாய்ஸ் மெசேஜைத் தள்ளிவிட்டவங்கதான் ஆரம்பம்.

நம்ம வீட்டுப் பிள்ளைங்க விஷயத்துக்கு வாங்க. இந்த மாவட்டம் பிளஸ் டூ ரிசல்ட்டுல பல வருஷம் மாநிலத்துல முதல் இடத்துல இருந்தது. தீப்பெட்டி ஒட்டின காசுல படிக்க வச்ச அம்மாமார்கள் நீங்க. அந்தப் பிள்ளை காலேஜ் பஸ்ஸுல ஒரு பையனோட பேசிக்கிட்டு வந்ததை ஒருத்தர் பார்த்து, இன்னொருத்தர்கிட்ட சாடையாச் சொல்லி, அது அப்பன் காதுக்குப் போச்சுன்னா, மறுநாள் அந்தப் பிள்ளையோட படிப்பு முடிஞ்சது. ஆறே மாசத்துல கல்யாணம். 18 வயசு ஆச்சான்னுகூடப் பார்க்குறதில்லை. ரெண்டு நிமிஷப் பேச்சு, ஒரு பிள்ளையோட மூணு வருஷ டிகிரி.

இங்க ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கா, ‘அப்போ தப்பு நடந்தாலும் வாயைத் திறக்கக்கூடாதா அக்கா?’ நல்ல கேள்வி, இதுக்காகவே நான் நேரம் வச்சிருக்கேன்.

திறக்கணும். சத்தமா திறக்கணும். மீந்த மருந்தை அறையில வைக்கச் சொல்ற போர்மேனைப் பத்திச் சொல்றது பொரணி இல்லை. குழுப் பணத்துக்குக் கணக்குக் கேட்குறது பொரணி இல்லை, அது உங்க உரிமை, அதுக்குத்தான் ரொக்கப் புத்தகமும் பேரேடும் வச்சிருக்கோம். பக்கத்து வீட்ல 15 வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறாங்கன்னா 1098-க்கு போன் பண்ணுங்க. புருஷன் அடிச்சா 181. வேலை செய்ற இடத்துல ஒருத்தன் கையை நீட்டினா 2013-ல இருந்து அதுக்குன்னே சட்டம் இருக்கு. பத்துப் பேர் வேலை செய்ற இடம்னா உள்ளேயே புகார்க் குழு இருக்கணும், அதுக்குக் கீழே உள்ள இடம்னா மாவட்டத்துல இருக்கிற குழுவுக்குப் போகலாம்.

ஆனா நடக்குறது என்னன்னா, கையை நீட்டினவனைப் பத்தி யாரும் புகார் எழுதுறதில்லை. அந்தப் பிள்ளையைப் பத்தி வண்டியில பேச்சு ஓடுது. ‘இவ சிரிச்சுப் பேசினா, அவன் என்ன பண்ணுவான்?’ புகாராப் போகவேண்டியது பொரணியாப் போகுது. குத்தம் பண்ணினவன் பேரு எங்கயும் வராது, அந்தப் பிள்ளை பேரு மட்டும் நாலு ஊருக்குப் போகும். அவ வேலையை விட்டு நிப்பா, அவன் அடுத்த வாரம் இன்னொருத்திகிட்ட வருவான்.

எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இவ்வளவுதான். யாரைப் பத்திப் பேசுறோமோ அவங்க அந்த இடத்துல இருக்காங்களா? இல்லைன்னா, அதைச் சரி பண்ணக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா? ரெண்டும் இல்லைன்னா எதுக்குப் பேசுறோம்னு நாமளே பார்த்துக்கணும். பெரும்பாலும் பொழுது போகத்தான். பொழுது போக சீரியல் இருக்கு, அதுல உள்ளவங்களை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, யாரும் தேடி வரமாட்டாங்க.

கடைசியா ஒரு யோசனை. அடுத்த ஊராட்சி அளவிலான கூட்டத்துல இதைத் தீர்மானமா வைக்கச் சொல்லித் தலைவி அக்காகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். குழுப் பணத்துல யாரு மேலயாவது சந்தேகம் வந்தா, அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கக்கூடாது. அன்னைக்கே, இல்லைன்னா மறுநாளுக்குள்ள, ரெண்டு உறுப்பினர் பாஸ்புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கு நேரா போகணும். அவங்க சொல்ற பதிலை நோட்டுல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் அந்தப் பேச்சு அந்த ரெண்டு பேரைத் தாண்டக்கூடாது. தப்பு நடந்திருந்தா மறுநாளே கூட்டத்தைக் கூட்டலாம், அந்தக் கூட்டத்துல அவங்களும் இருக்கணும். தப்பு இல்லைன்னா, பேச்சைக் கிளப்பினவங்க அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ‘இல்லை’ன்னு சொல்லணும். தெருவுல சொன்னதை வீட்டுக்குள்ள போய்த் தனியா மன்னிப்புக் கேட்டா கணக்கு நேராகாது.

சலான்களைத் தனியா ஒரு கவர்ல போட்டு, குழு பேரோட கணக்கு எண்ணையும் பெரிசா எழுதி வைங்க. வங்கியில பணம் கட்டின கையோட பாஸ்புத்தகத்துல வரவு போட்டு வாங்கிட்டு வாங்க. கூட்டமா இருக்குன்னு திரும்பி வராதீங்க.

அடுத்து தணிக்கை அறிக்கை வாசிக்கணும், செயலாளர் அக்கா என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. மைக்கை அவங்ககிட்ட குடுக்கிறேன்.